காலை வேலை: நாம் நகர்ந்ததும் பிள்ளையின் கை ஏன் நிற்கிறது?

வணக்கம். சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். சிறப்புக் கல்விப் பள்ளியில் உதவி ஆசிரியராக இருக்கிறாராம். "பிள்ளைகள் பள்ளிப் பேருந்தில் ஆளுக்கொரு நேரம் வந்து சேர்கிறார்கள். எல்லாரும் வரும்வரை தனியாகச் செய்யட்டும் என்று மேசையில் வேலை வைக்கிறோம். பக்கத்தில் நின்றால் செய்கிறார்கள், நகர்ந்தால் கை நின்றுவிடுகிறது. என்ன வேலை கொடுக்கலாம்?" படித்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

என்ன வேலை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும், நான் எப்போதும் சொல்வதுதான்: பிள்ளைக்கு ஏற்கெனவே நன்றாக வரும் வேலை மட்டுமே காலை மேசைக்கு வரலாம். புதுப் பாடத்தை ஆசிரியரோடு உட்கார்ந்து படிக்கட்டும். காலுறைகளை ஜோடி சேர்ப்பது, கரண்டியையும் முள்கரண்டியையும் பிரிப்பது, காசு பிரிப்பது, இப்படி. காசு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2013ல் வந்த நம் நாணயங்கள் மதிப்பு ஏற ஏற அளவும் பெரிதாகும். பழைய ஒரு வெள்ளி நாணயமோ பழைய ஐம்பது காசைவிடச் சிறியது. இரண்டு வரிசையையும் ஒரே டப்பாவில் கலந்து போட்டால், அளவைப் பார்த்துப் பிரிக்கும் பிள்ளை அங்கேயே தடுமாறி நம்மைத் தேடும். டப்பாவை ஒருமுறை கொட்டிப் பாருங்கள்.

அடுத்தது, முடிவு கண்ணுக்குத் தெரிய வேண்டும். அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 1970களில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக 'டீச்' என்ற முறையை உருவாக்கினார்கள். அதில் வேலை மேசையே நான்கு விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும்: என்ன வேலை, எவ்வளவு, முடிந்தது எப்படித் தெரியும், அடுத்து என்ன. இடப்பக்கம் தட்டுகள், வலப்பக்கம் 'முடிந்தது' பெட்டி. இடப்பக்கம் காலியானால் வேலை முடிந்தது. ஒரு கட்டுப் பயிற்சித்தாளை வைத்தால் எங்கே முடியும் என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? முடிவு தெரியாதபோது நம் முகத்தைத்தான் பார்க்கும். திரும்பவும் சொல்கிறேன், முடிவு கண்ணுக்குத் தெரிய வேண்டும். அடுத்து என்ன என்று காட்ட, கடைசித் தட்டுக்கு அப்புறம் ஒரு படம் ஒட்டியிருக்கட்டும்: பந்து, புதிர்ப்படம், பிள்ளைக்கு எது பிடிக்குமோ அது.

இதையெல்லாம் சரியாகச் செய்த ஒரு வகுப்பை நான் பார்த்தேன். அங்கே ஒரு பையன் ஒவ்வொரு தட்டையும் முடித்துவிட்டுத் திரும்பி உதவி ஆசிரியரைப் பார்ப்பான். அவர் தலையாட்டுவார். உடனே அடுத்த தட்டை எடுப்பான். அவர் விடுப்பில் போன அன்று, முடித்த தட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டான். அந்தத் தலையாட்டலும் அவனுக்கு வேலையில் ஒரு படியாகவே ஆகிவிட்டிருந்தது. அதன்பிறகு அவர் பையனின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். பையன் திரும்பினால் பேசவில்லை, முகத்தையும் காட்டவில்லை. பின்னாலிருந்து கையை மட்டும் நீட்டி அடுத்த தட்டைத் தொட்டுக் காட்டினார். பிறகு தொடுவதையும் விட்டார். அப்புறம் ஓரடி பின்னால், பிறகு அலமாரி வரைக்கும். மெதுவாகத்தான் நடந்தது, ஆனால் நடந்தது.

அதனால் தங்கை, நீங்கள் என்னிடம் கேட்டிருக்க வேண்டியது "நான் எங்கே நிற்பது, எப்போது விலகுவது" என்பதைத்தான். "எடு, வை, அடுத்தது" என்று வாயால் சொல்லிப் பழக்கிய உதவியை நிறுத்துவதுதான் மிகக் கடினம். பிள்ளை தட்டைப் பார்க்காமல் நம் குரலுக்குக் காத்திருக்கப் பழகிவிடும். கையால் காட்டுவதைச் சுலபமாகக் குறைக்கலாம். நம் சிறப்புக் கல்விப் பள்ளிகளில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு 18 வயதோடு பள்ளி முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வேலைப் பட்டறையிலோ பகல்நேரப் பராமரிப்பு நிலையத்திலோ ஒவ்வொருவர் தோளுக்குப் பக்கத்திலும் ஓர் ஆள் நிற்க முடியாது. அதை நினைத்துத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நாளைக்கு ஒரே ஒரு பிள்ளையோடு தொடங்குங்கள். ஒரு தட்டு, ஒரு 'முடிந்தது' பெட்டி, ஒரு படம். பேசாமல் பின்னால் நில்லுங்கள். எந்த இடத்தில் கை நிற்கிறது என்று குறித்து எனக்கு எழுதுங்கள். அந்த இடத்தை வைத்து அடுத்த முறை பேசுவோம்.