கவிஞரைக் காட்டிக்கொடுத்த எதுகை

நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "டிஸ்டோபியா நாவல்களில் படைப்பாற்றல் உள்ளவர்கள் எல்லாரும் கலகக்காரர்களாகவும், ஒத்துப்போகிறவர்கள் எல்லாரும் கற்பனை வறண்டவர்களாகவும்தான் வருகிறார்களா?"

நல்ல கேள்வி. ஆனால் மனிதர்களை முழுக்க அடக்கி ஆளும் கொடிய சமூகத்தைக் கற்பனை செய்து காட்டும் அந்த நாவல்களை நிதானமாகப் படித்தால் வேறொன்று தெரிகிறது. அங்கே அரசு கலைஞனை எடுத்த எடுப்பில் ஒழித்துவிடுவதில்லை. வேலை கொடுத்து வைத்துக்கொள்கிறது. ஆல்டஸ் ஹக்ஸ்லி 1932-இல் வெளியிட்ட நாவலில், ஹெல்ம்ஹோல்ட்ஸ் வாட்சன் அரசுக்கு முழக்கங்கள் எழுதித் தருகிறவர். ரஷ்ய எழுத்தாளர் யெவ்கேனி ஸம்யாத்தின் 1920-21-இல் எழுதிய 'நாங்கள்' நாவலின் நாயகன் டி-503, தன் அரசின் பெருமையை வேற்றுக் கோள்களுக்கு எடுத்துச்சொல்லத்தான் குறிப்பேட்டைத் திறக்கிறான். முழு விசுவாசத்தோடு தொடங்கிய அந்த எழுத்திலேயே அவனுக்கே தெரியாத ஒருவன் தலைகாட்டத் தொடங்குகிறான்.

என்னை மிகவும் உலுக்கியவர் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலில் (1949) வரும் ஆம்பிள்ஃபோர்த். பழைய கவிதைகளில் ஆளும் கட்சிக்கு ஆகாத சொற்களை நீக்கி, யாப்பு கெடாமல் வேறு சொல்லை வைப்பதுதான் அவருடைய அலுவலக வேலை. கலகம் என்ற எண்ணமே இல்லாத மனிதர். அவர் சிறைக்கு வந்த காரணம் ஒரே ஒரு சொல். ஆங்கிலக் கவிஞர் கிப்ளிங்கின் கவிதை ஒன்றில் அடியின் இறுதியில் 'காட்' என்ற சொல்லை, அதாவது கடவுளை, அப்படியே விட்டுவிட்டார். அதோடு ஒலி இயைய வேண்டிய சொல் 'ராட்'. அதற்கு ஆங்கில மொழியிலேயே பன்னிரண்டு எதுகைகள்தான் இருக்கின்றன, நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டும் வேறு சொல் அகப்படவில்லை என்கிறார். வெண்பா எழுதிப் பழகியவர்களுக்கு அந்தத் தவிப்பு புரியும்: பொருள் சரியாக இருக்கும், தளை தட்டும், மனம் ஒப்பாது. சிறையில் இதை நாவலின் நாயகன் வின்ஸ்டனிடம் சொல்லும்போது, பயத்தையும் மீறி அவர் முகம் ஒரு கணம் மலர்கிறது. அந்த மலர்ச்சியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

ஆகவே, இவ்வகைப் புனைவில் மோதல் பெரும்பாலும் இரண்டு மனிதர்களுக்கு இடையே நடப்பதாக நான் கருதவில்லை. ஒத்துப்போக மனமார விரும்பும் ஒரே மனிதனுக்குள், அவன் செய்யும் வேலையின் நேர்த்தி அவன் விருப்பத்தை மீறிவிடும் இடத்தில் அது நடக்கிறது. ஸம்யாத்தினின் அரசு இதைச் சரியாகவே கண்டுகொண்டது. அதனால்தான் குடிமக்களின் மூளையில் கற்பனை குடியிருக்கும் இடத்தைக் கதிர்களால் பொசுக்கச் சொல்கிறது. அந்தச் சிகிச்சைக்குப் பிறகும் டி-503 எழுதுகிறான். தான் காதலித்த பெண் தன் கண்முன்னே வதைக்கப்படுவதை, யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல, கையெழுத்தும் மாறாமல் எழுதிவைக்கிறான்.