கோகலே மண்டபமும் குழைத்த சுண்ணாம்பும்

விழாத் தலைவர் அவர்களே, மங்கல இசை வழங்கிய நாதஸ்வர, தவில் வித்வான்களே, முத்தியால்பேட்டையிலிருந்து நடந்தே வந்திருக்கும் பெரியவர்களே, பொதுப்பணித் துறைப் பொறியாளர்களே, அனைவருக்கும் வணக்கம். பொறியாளர்களைத் தனியாக விளித்ததற்குக் காரணம் உண்டு, வருகிறேன்.

இன்று மூன்று செய்திகள். கோகலே மண்டபம், அதைச் சுற்றியிருக்கும் முத்தியால்பேட்டையின் இசை, சபாக்கள் தெற்கே மயிலாப்பூர்ப் பக்கம் பெயர்ந்த கதை.

சென்னையின் ஆர்மீனியன் தெருவை நம் ஜனங்கள் அரண்மனைக்காரன் தெரு ஆக்கிவிட்டார்கள். அங்கே 1915இல் அன்னி பெசன்ட் அம்மையார் எழுப்பிய மண்டபம் இது. ஹோம் ரூல் என்ற தன்னாட்சி முழக்கமும் கேட்டது, மைக் வராத நாட்களின் கச்சேரியும் கேட்டது. ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பார்கள். அப்படிச் சொல்ல இடமே கொடுக்காத கூடம்!

பேட்டையின் பெருமைக்குப் பந்தர் தெரு ஒன்று போதும். தியாகராஜ சுவாமிகள் சென்னை வந்தபோது அங்கே கோவூர் சுந்தரேச முதலியார் வீட்டில் தங்கினார். சுவாமிகள் பொருள் வாங்கமாட்டார் என்று முதலியாருக்குத் தெரியும். விடைபெறும் நேரத்தில், ஆயிரம் பொன்னைச் சீடர்களிடம் மட்டும் சொல்லிப் பல்லக்கில் ஒளித்து வைத்தார். நாகலாபுரம் காட்டு வழி. இருட்டில் கல் பறந்து வருகிறது, திருடர்கள்! நடுங்கிப்போன சீடர்கள் விஷயத்தை உடைத்தார்கள். ‘ராமநவமிக்கு வந்த பணமென்றால் ராமனே பார்த்துக்கொள்வான்’ என்று சுவாமிகள் தர்பார் ராகத்தில் ‘முந்து வெனுக’ பாடினார். விடிந்ததும் திருடர்கள் காலில் விழுந்து, ‘இரவெல்லாம் எங்கள்மேல் அம்பு விட்ட அந்த இரண்டு வாலிபர்கள் எங்கே?’ என்றார்களாம். வழிவழியாக வரும் கதை. அதே பேட்டையில்தான் பின்னாளில், ராமகிருஷ்ண செட்டி தெருவில், வெள்ளிக்கிழமை மாலைகளில் வீணை தனம்மாள் வாசித்தார். மீட்டுகோல் இல்லாத வெறும் விரல் நாதம். இருமக்கூட அஞ்சி உட்கார்ந்திருந்தது கூட்டம்.

இப்போது பொறியாளர்களிடம் வருகிறேன். இடிக்கத் தொடங்கி, நீதிமன்றத் தடையால் நின்ற மண்டபம் இது. இனிப் பழுது பார்க்கும்போது சிமென்ட் வேண்டாம். பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெளியே விடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் செங்கல்லுக்குள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாகப் பெயரும். உடனே ‘பழைய கட்டடம், வலுவில்லை’ என்பார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!

சுண்ணாம்பை நீற்றிச் சலித்து, குறைந்தது 15 நாள் தண்ணீருக்கடியில் வையுங்கள். அவசரப்பட்டால் நீறாத குருணை சுவரில் ஏறிய பிறகு ஊதும், பூச்சு அம்மைத் தழும்பாகும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டு பங்கு கரடான மணல். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு அரையுங்கள். மெட்ராஸ் டெரஸ், அதாவது மர விட்டங்களின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் இட்ட தளம், உள்ள கட்டடமென்றால் சுவருக்குள் புதைந்த தேக்கு விட்டத்தின் முனையை ஊசியால் குத்திப் பாருங்கள். மழைநீர்த் தூம்பு அடைத்தால் முதலில் உளுத்துப்போவது அந்த முனைதான்.

தரைக்குக் கிரானைட்டும் சுவருக்குப் பளபள டைல்ஸும் ஒட்டாதீர்கள். பாட்டு எதிரொலித்துக் குழம்பும், பழி மறுபடியும் கூடத்தின்மேல் விழும்.

சபாக்கள் பெயர்ந்த கதைக்கு நேரமில்லை, தலைவர் மன்னிக்க வேண்டும். டெண்டர் தாளில் ‘பூச்சு’ என்று மட்டும் எழுதாமல் ‘சுண்ணாம்புப் பூச்சு’ என்று எழுதுங்கள். சுண்ணாம்பு ஊறும் தொட்டியை மண்டபத்து முற்றத்திலேயே வையுங்கள், ஊர் வந்து பார்க்கட்டும். வணக்கம்.