வை.மு. கோதைநாயகி: சொல்லச் சொல்ல எழுதப்பட்ட நாவல்கள்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு வை.மு. கோதைநாயகி அம்மாளைப் பற்றிப் பேசலாம். வெள்ளைக்காரர் ஆட்சிக் காலத்தில், காதலும் மர்மமும் கலந்த கதைகளால் தமிழ் வீடுகளைக் கட்டிப்போட்டவர். மொத்தம் 115 நாவல்கள்! ஆனாலும் தமிழ் நாவல் வரலாறு என்று பேச்செடுத்தால், "முதல் பெண் பத்திரிகையாசிரியர்களில் ஒருவர்" என்று ஒரு வரியோடு நகர்ந்துவிடுகிறோம். அது நியாயமே இல்லை என்பது என் கட்சி.

1901இல் பிறந்தவர். காஞ்சிபுரம் பக்கம் நீர்வளூர். ஐந்தரை வயதில் கல்யாணம், புகுந்த வீடு சென்னை திருவல்லிக்கேணி. பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ஆனால் கதை சொல்வதில் கெட்டிக்காரி. கணவர் பார்த்தசாரதி அவரை நாடகங்களுக்கு அழைத்துப் போவார். அந்தக் காலத்தில் ஒரு வைணவக் குடும்பத்து மருமகளுக்கு அது சாதாரண விஷயமா, சொல்லுங்கள்!

பார்த்துப் பார்த்துத் தானே ஒரு நாடகம் எழுத ஆசை வந்துவிட்டது. கதை மனதில் முழுசாக இருக்கிறது, எழுதத்தான் கை ஓடவில்லை. என்ன செய்தார் தெரியுமா? தோழி பட்டம்மாளை உட்காரவைத்து, தான் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். அப்படிப் பிறந்ததுதான் 'இந்திர மோகனா'. எழுத்தெல்லாம் அப்புறம் பழகிக்கொண்டார்.

இதை மனதில் வைத்துக்கொண்டு அவருடைய நாவலைப் பிரித்துப் பாருங்கள். பேச்சிலேயே கதை ஓடும். வர்ணனை குறைவு. ஒருவர் பேச, மற்றவர் மறுத்துப் பேச, அதற்குள் ஒரு ரகசியம் பாதி வெளியே வந்து நின்றுவிடும். மேடையில் நாடகம் பார்த்துக் கதை கற்றவரின் கை அது. திண்ணையில் ஒருவர் வாசிக்க, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பதற்கு இதைவிடத் தோதான நடை வேறு கிடையாது. எழுதப்படிக்கத் தெரியாத பெண்களுக்கும் காது இருக்கிறதே!

1925இல், நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' என்ற பத்திரிகையை வாங்கி, தானே ஆசிரியராக நடத்த ஆரம்பித்தார். முதல் நாவல் 'வைதேகி' அதில்தான் தொடராக வந்தது. மாதப் பத்திரிகையில் தொடர் என்றால் அடுத்த இதழ் வரை வாசகரைத் தவிக்கவிட வேண்டும். தற்செயல் சந்திப்பு, ஆள்மாறாட்டம், பிரிந்த ஜோடி சேர்வது எல்லாம் அங்கே வேலை செய்தன. இதைக் காட்டித்தான் "வெறும் பொழுதுபோக்கு" என்று ஒதுக்கினார்கள். சரி, அந்தப் பொழுதுபோக்குக்குள் என்ன இருந்தது? விதவை மறுமணம், வரதட்சணைக் கொடுமை, குடி, பெண் கல்வி. கூட்டத்துக்குப் போக முடியாத பெண்ணுக்கு இந்தப் பேச்சு காதல் கதையின் வழியாக வீட்டுக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது. இதை நான் சின்ன சாதனையாக நினைக்கவில்லை.

எழுதியதோடும் நிற்கவில்லை. காந்தி வழிக்கு வந்து கதருக்கு மாறினார். நல்ல பாடகி, மேடைப் பேச்சிலும் பேர் வாங்கியவர். 1930களின் தொடக்கத்தில் கள்ளுக்கடை மறியலில் கலந்துகொண்டு சிறைக்குப் போனார். அங்கேயும் எழுதினார்! அவருடைய 'அநாதைப் பெண்' 1938இல் படமாகவும் வந்தது.

1956இல் ஒரே மகன் ஸ்ரீநிவாசன் இறந்துபோனார். அந்த அடியிலிருந்து அவர் எழவே இல்லை. 1960இல் காலமானார்.

இவரை வாசிக்க நினைப்பவர்கள் 'வைதேகி'யில் தொடங்குங்கள். முதல் சில அத்தியாயங்களைக் கண்ணால் படிக்காமல் வாய்விட்டு, வீட்டில் யாராவது கேட்கும்படி வாசியுங்கள். கேட்டவர் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டாரா, இல்லையா என்று மறக்காமல் எனக்குச் சொல்லுங்கள்.