சீபாப் மெஷின் தரவு அனுப்பவில்லையா? வன்னியில் இருந்து பார்க்க வேண்டியவை

[திரையில்: கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் சீபாப் மெஷின். அதன் திரையின் மேல் மூலை பெரிதாகத் தெரிகிறது.]

வணக்கம். நித்திரையில் மூச்சு தடைப்படுகிற ஸ்லீப் அப்னியாவுக்கு, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தருகிற சீபாப் (CPAP) மெஷின் பாவிக்கிறவர்களுக்கும், வீட்டில் அதைக் கவனிக்கிற பிள்ளைகளுக்கும் இந்த வீடியோ. மெஷின் இரவு முழுக்க ஒழுங்காகக் காற்றுத் தருகிறது. ஆனால் அதன் விபரம் போனுக்கோ டொக்டருக்கோ போய்ச் சேரவில்லை. ஏன்?

அதற்கு முதல் ஒரு விஷயம். காற்றழுத்தம் கொடுப்பதற்கு மெஷினுக்கு இணையம் தேவையே இல்லை. தரவு போகாவிட்டாலும் சிகிச்சை நடக்கிறது. "லைன் இல்லைத்தானே" என்று மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுப் படுக்காதீர்கள்.

டொக்டர் அவசரமாகக் கேட்டால், காலையில் மெஷின் திரையில் வருகிற நித்திரை அறிக்கையைப் போனில் படம் எடுத்து அனுப்புங்கள். எத்தனை மணித்தியாலம் பாவித்தீர்கள், மாஸ்க்கில் காற்று கசிந்ததா, மணிக்கு எத்தனை தடவை மூச்சு தடைப்பட்டது என்பதெல்லாம் பல மெஷின்களில் அங்கேயே இருக்கும்.

[திரையில்: ஒரு பயணப் பெட்டி. அதற்குள் மெஷினின் சாம்பல் நிறப் பை.]

சரி, இப்போது மெஷின் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற தம்பியோ சித்தப்பாவோ கொண்டுவந்து தந்ததா? அப்படியென்றால் பாதிப் பதில் அங்கேயே இருக்கிறது. ரெஸ்மெட் கம்பனியின் ஏயர்சென்ஸ் 10 போன்ற மெஷின்களுக்குள், செல்போன் வலையமைப்பு வழியாகத் தரவு அனுப்புகிற மொடெம் ஒன்று இருக்கிறது. அந்த நாட்டு வலையமைப்பை நினைத்துச் செய்த ஏற்பாடு அது. பின்பக்கத்தைத் திறந்து நம்முடைய சிம்மைப் போடலாம் என்று தேடாதீர்கள், அதற்கு இடமே கிடையாது. அமெரிக்காவில் பெரிய போன் கம்பனிகள் 2022இல் 3ஜியை நிறுத்தியபோது, 3ஜி மொடெம் மட்டும் இருந்த பழைய மெஷின்கள் அந்த நாட்டிலேயே தரவு அனுப்ப முடியாமல் போயின. அது முல்லைத்தீவுக்கு வந்து புதிதாகப் பேசப் போவதில்லை.

இன்னொருவர் பாவித்த மெஷின் என்றால் இரண்டு விஷயம். அதன் தொடர் இலக்கம் பழைய ஆளின் பெயரில் அங்குள்ள கிளினிக்கில் பதிவாகி இருக்கலாம். அதை நீக்கச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம், உள்ளே வைத்திருக்கிற அழுத்தம் அவருக்காக வைத்தது. உங்கள் டொக்டரிடம் காட்டாமல் பாவிக்க வேண்டாம். பிலிப்ஸின் முதல் ட்ரீம்ஸ்டேஷன் வகை என்றால், உள்ளே இருக்கிற நுரைப்பஞ்சு உதிரக்கூடும் என்று 2021 ஜூனில் கம்பனியே திரும்பப் பெற அறிவித்தது. தொடர் இலக்கத்தைச் சொல்லி விசாரித்த பிறகுதான் மிச்சம்.

[திரையில்: இரண்டு மணிக்கூடுகள். ஒன்று கிளிநொச்சி, மற்றது டொரொன்டோ.]

நேரத்தையும் பாருங்கள். இதைப் பலர் கவனிப்பதில்லை. ரெஸ்மெட் மெஷின் ஒரு நாளை மதியம் 12 மணியில் இருந்து அடுத்த மதியம் 12 மணி வரை கணக்கிடும். கிளிநொச்சியில் இரவு 10 மணி என்றால், குளிர்காலத்தில் டொரொன்டோவில் பகல் 11.30. மெஷினின் மணிக்கூடு இன்னும் டொரொன்டோவிலேயே நின்றால், நீங்கள் படுத்து அரை மணித்தியாலத்தில் அதற்கு நாள் மாறிவிடும். ஒரே இரவு இரண்டு நாளாக உடைந்து, "இவர் அரை மணித்தியாலம்தான் மெஷின் போட்டவர்" என்று அறிக்கை சொல்லும். நேரம் மாற்றுகிற இடம் பல மெஷின்களில் டொக்டருக்கான மெனுவில் இருக்கிறது. அழுத்தத்தை மாற்றுகிற இடமும் அதே மெனுதான். ஆகவே நீங்களாகக் கை வைக்காமல், விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றுங்கள்.

இங்கே வேலை செய்கிற மொடெமோ வைஃபையோ உள்ள மெஷின் என்றால், விமானப் படம் திரையில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் ஏயர்பிளேன் மோட் போட்டபடி இருக்கிறது, எடுத்துவிடுங்கள். அப்புறம் பிளக். விடிந்ததும் சுவிட்சை நிறுத்திப் பிளக்கைக் கழற்றி வைப்பது நம் வீடுகளில் வழக்கம். கரண்ட் பில் ஒரு காரணம், சித்திரையிலும் ஐப்பசியிலும் அடிக்கிற இடி மின்னல் மற்றக் காரணம். ஆனால் இந்த மெஷின்கள் மாஸ்க்கைக் கழற்றி நிறுத்திய பிறகுதான் தரவை அனுப்பத் தொடங்கும். ஒரு மணித்தியாலமாவது கரண்டில் விடுங்கள். இடி முழங்கினால் யோசிக்காமல் கழற்றுங்கள். தரவு உள்ளேயே இருக்கும், பிறகு போகும்.

ஏ9 வீதியை விட்டு ஒட்டுசுட்டான், நெடுங்கேணி பக்கம் காட்டோரமாகப் போனால் கவரேஜ் எப்படி என்று உங்களுக்கே தெரியும். தகரக் கூரையும் சிக்னலைத் தடுக்கும். பகலில் மெஷினை யன்னல் ஓரம் கரண்டில் வைத்துப் பாருங்கள். வைஃபை என்றால் ரவுட்டரில் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை திறந்திருக்க வேண்டும். பல மருத்துவக் கருவிகளுக்கு 5 கிகாஹேர்ட்ஸ் தெரியாது.

[திரையில்: போனில் புளூடூத் பக்கம்.]

மெஷினைப் போனில் இருக்கிற அதன் செயலியோடு சேர்க்கிற புளூடூத்தில் ஒரு மறைவான முடிச்சு. ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரையான போன்களில் லொகேஷன் நிறுத்தி இருந்தால், செயலியால் பக்கத்தில் இருக்கிற மெஷினையே கண்டுபிடிக்க முடியாது. அதைத் திறந்து, செயலிக்கு அனுமதியும் கொடுங்கள். பேட்டரி சேமிப்பை அந்தச் செயலிக்கு மட்டும் எடுத்துவிடுங்கள். பிறகும் சேரவில்லை என்றால் போனிலும் மெஷினிலும் பழைய இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள். மகளின் போனோடு ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள்.

இவ்வளவும் சொன்னாலும், என்னைக் கேட்டால் வன்னிக்கு நம்பிக்கையான வழி, மெஷினில் தரவைப் பதிந்து வைக்கிற எஸ்டி கார்ட்தான். கவரேஜும் வேண்டாம், செயலியும் வேண்டாம். மொடெம் வழியாகப் போகிற சுருக்கத்தைவிட, மூச்சுக்கு மூச்சு வருகிற முழு விபரமும் கார்டில்தான் இருக்கிறது. ஏயர்மினி போன்ற சின்னப் பயண மெஷினில் மட்டும் கார்ட் கிடையாது.

[திரையில்: கார்டின் பக்கவாட்டில் இருக்கிற சின்ன லொக்.]

மெஷின் நின்றிருக்கும்போது கார்டை எடுங்கள். கம்ப்யூட்டரில் போட முதல் பக்கத்தில் இருக்கிற லொக்கை இழுத்துப் பூட்டுங்கள், கம்ப்யூட்டர் அதில் எதையும் எழுதாது. "ஃபோர்மட் செய்யவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் அப்படியே பிரதி எடுத்து, ஸிப் (zip) கோப்பாக்கி டொக்டருக்கு அனுப்பலாம். நீங்களே பார்க்க விரும்பினால் ஒஸ்கார் (OSCAR) என்ற இலவச மென்பொருள் பல வகை மெஷின்களின் கார்டை வாசிக்கும். வரைபடத்தைப் பார்த்துவிட்டு அழுத்தத்தை நீங்களாகக் கூட்டிக் குறைக்க வேண்டாம்.

கார்டைத் திரும்ப மெஷினில் போட முதல் லொக்கைத் திறந்துவிடுங்கள். பூட்டியபடி போட்டால் அன்றைய இரவு கார்டில் எழுதப்படாது.