வக்கீல் வரக்கூடாத நீதிமன்றம்! 10 சிங்கப்பூர் வெள்ளி இருந்தால் வழக்குப் போடலாம்

வணக்கம். வழக்கு உண்டு, விசாரணை உண்டு, தீர்ப்பும் உண்டு. வக்கீல் மட்டும் கிடையாது. கையில் காசு இருந்தாலும் வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது, சட்டமே தடுக்கிறது. அப்படியொரு நீதிமன்றம் சிங்கப்பூரில் இருக்கிறது: ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரைபியூனல், சிறு கோரிக்கை நடுவர் மன்றம்.

(திரையில்: தொகைப் பட்டியல்)

1985-இல் தொடங்கியது. இங்கே கேட்கக்கூடிய தொகையின் வரம்பு 20,000 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். இரண்டு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் 30,000. அதற்கு மேல் 60,000 வரை மாஜிஸ்திரேட் கோர்ட், இரண்டரை லட்சம் வரை டிஸ்ட்ரிக்ட் கோர்ட், அதையும் தாண்டினால் உயர் நீதிமன்றம். கணக்கு அவ்வளவுதான்.

சரி, உண்மையான வித்தியாசம் உள்ளே போனால்தான் தெரியும். வாடகை வீட்டைக் காலி செய்கிறீர்கள். 3,000 வெள்ளி முன்பணம் வரவில்லை. சுவரெல்லாம் கறை என்கிறார் வீட்டுக்காரர். மற்ற கோர்ட்டுக்குப் போனால் வக்கீல் கட்டணமே அந்த 3,000-ஐத் தின்றுவிடும். இங்கே 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குத் தனிநபர் கட்ட வேண்டியது 10 வெள்ளி. மனுவை ஆன்லைனிலேயே போடலாம். முதலில் மன்றத்தின் பதிவாளர் முன்னால் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும். பேசித் தீராவிட்டால்தான் விசாரணை. குறுக்கு விசாரணை செய்து மிரட்ட எதிரில் வக்கீல் இல்லை. நடுவரே கேள்வி கேட்டு உண்மையைத் தேடுகிறார். சாட்சிய விதிகளும் அவ்வளவு கறாராக இல்லை. வாட்ஸ்அப் பேச்சு, ரசீது, சாவியைக் கொடுத்த அன்று எடுத்த போட்டோ, எல்லாவற்றையும் காட்டலாம்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது: எதிர்த்தரப்பு எவ்வளவு பெரிய கம்பெனியாக இருந்தாலும் வெளியிலிருந்து வக்கீலைக் கூட்டிவர முடியாது. அதன் முழுநேர ஊழியர் ஒருவர் வந்து, உங்களைப் போலவே தன் வாயால் பேச வேண்டும். மற்ற கோர்ட்டுகளில் இந்தச் சமநிலை எங்கே கிடைக்கிறது?

ஆனால் ஒன்று. நண்பருக்குக் கொடுத்த கைமாற்று இங்கே எடுபடாது. வாகன விபத்து இழப்பும் அப்படியே. சம்பள பாக்கிக்குத் தனி மன்றம் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் இரண்டு வருஷத்துக்கு மேல் போகக் கூடாது. பிரச்சினை நடந்து இரண்டு வருஷத்துக்குள் மனுவும் போட்டுவிட வேண்டும். மேல்முறையீட்டுக்கும் வாசல் சின்னதுதான்: சட்டக் கேள்வியோ மன்றத்தின் அதிகார வரம்போ இருந்தால் மட்டும், அதுவும் அனுமதி வாங்கித்தான். "என் பேச்சை நடுவர் நம்பவில்லை" என்று மேலே போக முடியாது. அதனால் ஆதாரம் முதல் நாளே கையில் இருக்க வேண்டும்.

சிங்கப்பூரில் வீடு மாறப்போகிறவர் யாரையாவது தெரிந்தால் இந்த வீடியோவை இன்றைக்கே அனுப்புங்கள். பெட்டி கட்டுவதற்கு முன்னால் சுவரைப் போட்டோ எடுக்கட்டும்.