7 சென்டிமீட்டரில் முடங்கும் ஊர்

(வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும் செவிலியர்கள், பொறியாளர்கள், அவர்கள் குடும்பத்தார் முன் நாகர்கோவிலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, பயணத்துக்கு நாள் குறித்துவிட்ட தம்பி தங்கைகளே, வணக்கம்.

2014 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் அட்லாண்டாவில் விழுந்த பனி 7 சென்டிமீட்டர்கூட இல்லை. கனடாவின் மான்ட்ரியல் நகரம் அதைப் பொருட்படுத்தியிருக்காது. அட்லாண்டாவிலோ பிள்ளைகள் பலர் பள்ளியிலேயே படுத்தார்கள். நெடுஞ்சாலையில் பலருக்குக் காருக்குள்ளேயே விடிந்தது. பள்ளி, அலுவலகம், கடை எல்லாம் மதியம் ஏறத்தாழ ஒரே நேரத்தில் விட்டதுதான் கோளாறு. அத்தனை வண்டியும் சாலையில் இறங்கியபின் உப்பு தூவும் லாரி எந்த வழியாகப் போகும்? டயர் மிதித்த பனி இளகி, மறுபடி உறைந்து வழுக்கியது. ஆகவே முன்னெச்சரிக்கை வந்தால் முந்தைய நாளே முடிவெடுங்கள். நேரம் தப்பிவிட்டால் இருக்கும் இடத்திலேயே இருங்கள்.

உப்பு நமக்குப் புதிதா? நம் மாவட்டத்துப் புத்தளத்தில் உப்பளமே இருக்கிறது. உப்புநீர் சாதாரண நீரைவிடத் தாழ்ந்த வெப்பநிலையில்தான் உறையும். பனி விழுவதற்கு முன்பே சாலையில் உப்புநீர் தெளிப்பது அதனால்தான். ஆனால் குளிர் மைனஸ் 9 டிகிரியைத் தாண்டினால் சாதா உப்பின் வேலை மிகவும் மந்தமாகிவிடும். அங்கே கால்சியம் குளோரைடு போடுவார்கள், அல்லது பிடிமானத்துக்கு மணல் தூவுவார்கள். கைநிறைய அள்ளிக் கொட்டுவதால் பனி வேகமாக உருகாது. வாசல் கான்கிரீட்தான் பெயரும்.

வண்டி ஓட்டுபவர்கள் பாலத்தைக் கவனியுங்கள். நம் மார்த்தாண்டம் மேம்பாலம் அந்த நாட்டில் இருந்தால், கீழே சாலை வெறும் ஈரமாக இருக்கும்போதே மேலே உறைந்திருக்கும். பாலத்துக்கு அடியிலும் குளிர்காற்று, மேலேயும் குளிர்காற்று. மண்ணின் சூடு கிடைக்காது. 7 டிகிரிக்குக் கீழே கோடை டயரின் ரப்பர் இறுகிப் பிடிமானம் குறையும். மான்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் சட்டப்படி கட்டாயம்.

இனி மண்வெட்டி. 3 மீட்டர் அகலம், 6 மீட்டர் நீளமுள்ள வாசல்பாதையில் 20 சென்டிமீட்டர் பனி என்றால் 3.6 கனமீட்டர். புதிதாக விழுந்த பனியானால் சுமார் 360 கிலோ. ஈரப்பனியானால் ஒரு டன்னைத் தாண்டும். விடிகாலைக் குளிரில் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கும்போது அதைத் தூக்கி எறிவது இதயத்துக்கு ஆகாது. தூக்காதீர்கள், தள்ளுங்கள். 20 சேரும்வரை காத்திராமல் 10 சேர்ந்ததுமே ஒருமுறை தள்ளிவிடுங்கள். நகராட்சி வண்டி தெருவைச் சுத்தம் செய்துகொண்டே உங்கள் வாசலை மறுபடி அடைத்துவிட்டுப் போகும். கோபம் வரத்தான் செய்யும். அந்த வாய்ப்பகுதியைக் கடைசியாக எடுங்கள்.

நான் அழுத்திச் சொல்ல வந்தது இது: குளிருக்குப் பயந்து செய்கிற காரியமும் கொல்லும். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மர்ரீயில் பனியில் சிக்கிய கார்களில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். புகைக்குழாயைப் பனி மூடினால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு காருக்குள் வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. சிக்கிக்கொண்டால் காரை விட்டு நடக்காதீர்கள். முதலில் பின்னால் போய்ப் புகைக்குழாயைத் தோண்டி விடுங்கள். மணிக்கு 10 நிமிடம் மட்டும் எஞ்சினை ஓட்டுங்கள். காற்று அடிக்காத பக்கத்துக் கண்ணாடியைச் சற்று இறக்கி வையுங்கள். பனி தொடர்ந்து விழுந்தால் ஒவ்வொரு முறையும் குழாயைப் பார்த்த பிறகே சாவியைத் திருப்புங்கள்.

வீட்டிலும் இதே ஆபத்து உண்டு. 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் பனியோடு மின்சாரமும் போனது. அரசுக் கணக்கில் 246 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் குளிர் கொன்றது. வீட்டுக்குள் ஜெனரேட்டர் ஓட்டியும் கரி மூட்டியும் நச்சுப்புகையில் இறந்தவர்களும் உண்டு. 2017-இல் ஒக்கி புயல் வந்தபோது கம்பங்கள் சாய்ந்து நாள்கணக்கில் இருட்டில் கிடந்த மாவட்டம் நம்முடையது. ஜெனரேட்டர் இங்கே பலருக்குப் பழக்கம். இங்கே திறந்த ஜன்னல் காப்பாற்றும். அங்கே குளிருக்கு எல்லாவற்றையும் அடைத்திருப்பார்கள். வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி ஜெனரேட்டரை வெளியே வையுங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்று படுக்கையறைக்கு அருகில் இருக்கட்டும்.

குடியேறும் முதல் நாளே தண்ணீர் அடைக்கும் முதன்மை வால்வு எங்கே என்று வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடுங்குளிர் இரவில் வெளிச்சுவரை ஒட்டிய குழாயை நூல்போல ஒழுக விடுங்கள். உறைந்துவிட்டால் குழாய்வாயைத் திறந்துவைத்து, அந்தப் பக்கத்திலிருந்து வெந்நீர்த் துணி சுற்றி இளக்குங்கள்; தீயைக் காட்டாதீர்கள். வெடிப்பு தெரிந்தால் முதலில் வால்வை மூடுங்கள், அடுத்து வீட்டுக்காரருக்கு போன் செய்யுங்கள்.