ஐயா போட்ட இரட்டிப்புக் கணக்கு

வணக்கம் நேயர்களே. காரைக்குடில ப்ளஸ் டூ பசங்களுக்கு கணக்கு டியூஷன் எடுக்கறவன் நான், ரேடியோவுல பேச வாங்கன்னாங்க, கணக்கைப் போய் காதால கேக்க யாரு உக்காருவாங்கன்னு ஒரு பயத்தோடதான் வந்திருக்கேன்.

எங்க ஐயா, அதாவது அப்பாவைப் பெத்த தாத்தா, பர்மாவுக்குக் கொண்டு விக்க, அதான் வியாபாரம் பண்ணப் போனவரு, அங்க ஒரு கடையில அடுத்தாளா, முதலாளியோட ஏஜெண்டுக்கு அடுத்தபடி உதவியாளரா இருந்தாரு. சாயங்காலம் வளவுல, வீட்டு நடு முத்தத்துப் பக்கம் உக்காந்துக்கிட்டு எங்களுக்கு ஒரு கணக்குப் போடுவாரு. முதல் நாள் ஒரு ரூபா வரவு, மறுநாள் ரெண்டு, அப்புறம் நாலு, எட்டுன்னு தினம் இரட்டிச்சுக்கிட்டே போனா 32 நாள்ல பேரேட்டுல மொத்த வரவு எவ்வளவுடான்னு. நாங்க ஆயிரம், லட்சம்னு உளறுவோம். விடை 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295.

ஐயா அதோட விட்டுட்டாரு. நான் காலேஜ் போனப்புறம்தான் இதைப் பிரிச்சுப் பாத்தேன், 3, 5, 17, 257, 65537 இந்த அஞ்சையும் பெருக்கினா அச்சு அசலா அதே தொகை வருது! அஞ்சுமே பகா எண், அதாவது ஒண்ணையும் தன்னையும் தவிர வேற எதாலயும் மீதியில்லாம வகுபடாதது. காம்பஸும் கோடு போட ஒரு வெறும் ஸ்கேலும் மட்டும் வச்சு, ஒற்றைப்படையில பக்கம் இருக்கற எல்லாப் பக்கமும் எல்லாக் கோணமும் சமமா இருக்கற ஒழுங்கான பலகோணம் வரையலாம்னா, இன்னைக்கு வரைக்கும் தெரிஞ்சதுல பெருசு இத்தனை பக்கம் உள்ளதுதான். வரைஞ்சா எங்க ஊர்ப் பக்கத்து ஆத்தங்குடித் தரைக்கல்லுல இருக்கற வட்டம் மாதிரிதான் தெரியும், அது வேற விஷயம்.

இப்ப அந்தத் தொகையோட ஒரு ரெண்டு ரூபா சேத்துக்கங்க. கடைசில 297. இங்கதான் ஃபெர்மா சறுக்கினாரு, பிரான்ஸ்காரரு, பெரிய மூளை. நான் சொன்ன அஞ்சு எண்ணும் ஒரே வரிசையில வர்றது, ஒண்ணு, ரெண்டு, நாலு, எட்டு, பதினாறுன்னு அத்தனை ரெண்டை எடுத்துப் பெருக்கி ஒண்ணு கூட்டறது, அடுத்து 32 ரெண்டைப் பெருக்கினா வர்றது இந்த 297ல முடியறதுதான், அஞ்சும் பகா எண்ணா இருக்கே இனி வர்ற எல்லாமே அப்படித்தான் இருக்கும்னு 1640ல எழுதிட்டாரு. கிட்டத்தட்ட நூறு வருஷம் அது அப்படியே நின்னுச்சு, 1732ல சுவிட்சர்லாந்துக் கணக்கு மேதை ஆய்லர் வந்து 641 வகுக்குதுன்னு போட்டு உடைச்சாரு.

எப்படி புடிச்சாரு தெரியுமா, இதை வகுக்கற பகா எண் எதுவானாலும் 64ஓட மடங்குல ஒண்ணு கூடினதாத்தான் இருக்கணும்னு அவரே பிற்பாடு நிரூபிச்சாரு. அப்ப 2, 3, 5னு ஒவ்வொண்ணா தட்ட வேணாம். 193, 257, 449, 577, அடுத்தது 641, அஞ்சாவதுலயே மாட்டிக்கிச்சு. ஃபெர்மா சொன்ன அந்த வரிசையில 65537க்கு அப்புறம் புதுசா ஒரு பகா எண் கூட இதுவரை யாருக்கும் கிடைக்கல.

சின்ன கால்குலேட்டர்ல 8 இலக்கம்தான், இது அடங்காது. கடையில கல்லாப்பெட்டி பக்கத்துல 12 இலக்க கால்குலேட்டர் இருக்கும்ல, அதுல 4294967297 போட்டு 641ஆல வகுத்துப் பாருங்க, 6700417 வரும், பாக்கி நிக்காது.